அட்டைக்கு ஊர் உண்டு. பசிக்கு ஊர் உண்டா?

(தாம்பரத்தில் தமிழுணர்வாளர்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்க்கு உழைப்போர் உலகின் ஓட்டம் முழுவதும் விளங்கிவிடும். நெல்லையினின்றும் விழுப்புரத்தினின்றும் வந்திறங்கும் தமிழ்த் தொழிலாளர் ஒருபுறம். அசாம் மாநிலத்துச் சில்காட்டிலிருந்து புறப்பட்டுத் தாம்பரத்தில் வந்து முடியும் வண்டியினின்று இறங்குவோர் மற்றொருபுறம். இருசாராரும் மேடவாக்கத்திலும் வண்டலூரிலும் பெருங்களத்தூரிலும் எழும்புகின்ற அடுக்கு மாடிகளின் அடியில் தகரக் கொட்டகைகளில் தங்குகின்றனர். கட்டடம் முடிந்தால் கொட்டகை பிரிக்கப்படும். கட்டியவர் வேறிடம் பெயர்வர். ஆனால், அவர்தம் குடும்ப அட்டை பெயர்ந்ததில்லை. அது பிறந்த ஊரில், ஒரே ஒரு பங்கீட்டுக் கடையோடு பிணைக்கப்பட்டுக் கிடந்தது.

2020 வரை செய்யாற்று அட்டை சேலையூர்க் கடையில் செல்லாது. இரண்டும் தமிழ் மண்ணே. இரு கடையிலும் இருந்தது ஒரே அரிசியே. 2011 சூன் முதல் அரிசி அட்டைகளுக்கு விலையின்றியே அரிசி வழங்கப்படுகிறது. எனினும் அந்த அரிசி ஊரில் கிடக்க, நாட்கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து வெளிச்சந்தையில் அரிசி வாங்கி உண்டான் தாம்பரத்துக்கு வந்த தொழிலாளி. சொந்த நாட்டுக்குள்ளேயே அவன் அயலானாக்கப்பட்டான்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. வேலை நின்ற மறுநாளே அடுப்பும் நின்றது. இந்தியா முழுவதும் தொழிலாளர்கள் கால்நடையாகவே ஊர் திரும்பிய அந்தக் கொடுங்காட்சி, அட்டையை ஊரோடு கட்டிப்போட்டதன் கேட்டை எல்லார்க்கும் காட்டியது. அவ்வாண்டு அக்தோபர் 1 முதல் தமிழ்நாட்டு அட்டையுடையார் தமிழ்நாட்டின் எக்கடையிலும் பொருள் வாங்கலாம் என்றாயிற்று. நல்லதே. ஆனால் ஆணை திறந்த கதவை விரற்பதிவுக் கருவி மூடுவதும் உண்டு. சுண்ணமும் சிமெந்தும் தின்று வரிகள் தேய்ந்துபோன கொத்தனாரின் விரலை அக்கருவி அறியாது. உழைத்த கைக்கே உணவு மறுக்கும் பொறி என்ன பொறியோ!

மாநில எல்லையைத் தாண்டினால் சிக்கல் இன்னும் ஆழமானது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊர்ப்புறத்தில் 75 விழுக்காட்டினரையும் நகர்ப்புறத்தில் 50 விழுக்காட்டினரையுமே தன் வட்டத்துக்குள் கொண்டது. அனைவர்க்கும் பங்கீடு என்னும் கொள்கையைக் கைவிடாத தமிழ்நாடு, 2016 நவம்பரில் அச்சட்டத்தை ஏற்றபோதும், சட்ட வட்டத்துக்கு வெளியே நின்றவர்க்குத் தன் பணத்தில் அரிசியைத் தொடர்ந்து வழங்கியது. தமிழர் பெருமைப்படத்தக்க செயல் இது. 2021 சூன் 29 அன்று தில்லி உச்ச முறைமன்றம், எல்லா மாநிலங்களும் சூலை 31-க்குள் ‘ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை’த் திட்டத்தைச் செயற்படுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

அதில் ஒளிந்துள்ள ஓட்டையைப் பாருங்கள். எல்லை தாண்டிச் செல்லுபடியாவது அச்சட்டத்துக்குட்பட்ட முன்னுரிமை அட்டையும், ‘அந்தியோதயா’ என வடமொழியில் பெயர் சூட்டப்பெற்ற மிகவறியோர் அட்டையுமே. முன்னுரிமையற்றது என முத்திரையிடப்பட்ட அரிசி அட்டையோடு மும்பைக்கோ பெங்களூருக்கோ பிழைக்கப்போன தமிழனுக்கு அங்கே ஒரு பிடி அரிசியும் இல்லை. ஊரில் அவனுக்கிருந்த உரிமை ஓசூர் எல்லையோடு முடிந்துவிடுகிறது. முன்னுரிமை அட்டையுடையவனுக்கும் அங்கே கிடைப்பது ஆளுக்கு 5 கிலோ தவசமே. பருப்பும் செம்பனை எண்ணெயும் கூடவே வருவதில்லை. ‘ஒரே நாடு’ என்று முழங்குவோர் ஒரே உரிமையை ஏன் தரவில்லை?

அப்பெயரின்மேல் தமிழுணர்வாளர்க்குள்ள ஐயம் பொருளற்றதன்று. ‘ஒரே நாடு’ எனத் தொடங்கும் ஒவ்வொன்றும் மாநிலத்தின் கையிலிருந்து ஒன்றைப் பறித்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்னும் கணக்கேடு தில்லியின் கணிப்பொறிக்குள் போய்விட்டால், நாளை அனைவர்க்குமான பங்கீட்டையே சுருக்கச் சொல்லும் துணிவும் அங்கே பிறக்கலாம். ஆகவே அட்டை நகரட்டும். ஆட்சியுரிமை நகர வேண்டா எனக் கேட்பதே நேரிய வழி.

“வடவர்க்குத் தமிழன் அரிசியா?” என்று உணர்வாளர் சிலர் சினக்கின்றனர். அச்சினத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். அயல்மாநில அட்டைக்கு இங்கே கொடுக்கப்படுவது நடுவணரசின் தொகுப்பிலிருந்து அச்சட்டப்படி அவனுக்குரிய பங்கு. செங்கல்பட்டு மாவட்டத்துக் குடும்பம் ஒன்றின் பானையிலிருந்து எடுக்கப்பட்டதன்று. குடியேற்றம், வாக்குரிமை, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் தமிழர்க்கு முதலிடம் கேட்பது தனிப் போராட்டம். அது தொடரவே செய்யும். அதைச் சோற்றுப் பானையோடு சேர்த்துக் குழப்புதல் வேண்டா. 1966-இல் தோன்றிய சிவசேனை மும்பைத் தமிழரை வந்தேறிகள் எனத் துரத்தியதும், 1991 திசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூர்த் தமிழர் தாக்கப்பட்டதும் மறக்கத்தக்கன அல்ல. அங்கே எதைக் கொடுமையென்று தமிழர் கூறினரோ, அதையே இங்கே கொள்கையென்று கூறலாமா?

இந்தத் தாம்பரம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்காஞ்சி பஞ்சத்தில் வாடியபோது வேற்றூரிலிருந்து அங்கு வந்த மணிமேகலை, அமுதசுரபியால் பதினெட்டு மொழி பேசும் மக்களுக்கும் உணவளித்ததாகச் சாத்தனார் பாடினார். எம்மொழியினர் என வினவி வடிகட்டாத அறம் தமிழருடையது.

இங்கிலாந்தில் 1662-இல் ஒரு சட்டம் வந்தது. வறியவன் வேற்றூருக்கு வந்தால், அவ்வூர்க்குச் சுமையாவான் என்று கருதி, நாற்பது நாளுக்குள் பழைய ஊருக்கே அவனைத் திருப்பியனுப்பலாம் என்றது அது. பசித்தவனை ஊர் ஊராக உருட்டிவிட்ட கொடுமை அங்கே நூற்றாண்டுகள் நீடித்தது. அமெரிக்காவிலோ, ஓராண்டு குடியிருந்தாலன்றி உதவித்தொகை இல்லையென்று சில மாநிலங்கள் வகுத்த விதியை 1969 ஏப்பிரலில் அந்நாட்டு உச்ச முறைமன்றம் உடைத்தது. வேற்று மாநிலத்திலிருந்து கனெக்டிகட்டுக்கு வந்த, 19 அகவையே நிரம்பிய, கருவுற்றிருந்த ஒரு தாய்க்கு உதவி மறுக்கப்பட்டதும் அவ்வழக்குகளுள் ஒன்று.

கேட்க வேண்டியவை தெளிவானவை. முன்னுரிமையற்ற அரிசி அட்டைக்கும் அயல்மாநிலத்தில் பங்கு வேண்டும். அதன் செலவை நடுவணரசு ஏற்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே ஒதுக்கீட்டை அளந்து கொண்டிருப்பதை விடுதல் வேண்டும். விரல் பதியாவிடில் கண்மணிப் பதிவாலோ கையொப்பத்தாலோ பொருள் வழங்கப்பட வேண்டும்.

அரசு கேட்கும்வரை காத்திராமல், தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்களின் தோழர்கள் தத்தம் பகுதிக் கொட்டகைகளுக்குச் செல்க. அங்குள்ள தமிழ்த் தொழிலாளருள் பலர் தங்கள் அட்டை இங்கே செல்லும் என்பதை அறியார். அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். முதன்முறை கடைக்குச் செல்கையில் உடன் செல்லுங்கள். “எங்கள் கடை அட்டையன்று” எனத் திருப்பியனுப்பினால், வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் முறையிட்டுப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.