சொந்தத்திற் கொடுத்த பெண்கள்

(அம்பத்தூரில் கூடிய அங்கத்தினர் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



நம்மவருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதன் மேன்மையை இம்மேடையிற் பலர் எடுத்தோதியுள்ளனர். அவ்விவாகம் பெண்களுக்கு எவ்வாறிருக்கின்றதென எவரும் பேசக் கேட்டோமில்லை. ஆதலின் இன்று அதனையே பேசத் துணிந்தோம்.

நன்மை உண்டென்பதில் ஐயமில்லை. அத்தை வீட்டிற்கு வாழ்க்கைப்படும் பெண்ணுக்கு அவ்வீட்டுப் பேச்சும் உணவும் பூசையும் புதியனவல்ல. தமிழ்நாட்டில் இரத்த உறவில் மணந்தோர் நூற்றுக்கு 28 பேர் என 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகின்றது. இந்தியா முழுமைக்கும் அது ஏறக்குறைய 11 மட்டுமே. தாய்மாமனை மணப்பதை 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் விலக்கிற்றெனினும், வழக்கமுள்ளோர்க்கு இடமளித்தது. அவ்வழக்கத்தின் பேரிலேயே நம்மிற் பலர் இல்லறம் நடத்துகின்றனர்.

துன்பம் நேருங்காலத்திலேயே இவ்வுறவின் மறுபுறம் தெரிகின்றது. கணவன் குடித்துவிட்டு அடிக்கின்றானென்று பெண் தாயிடம் வந்து அழுகின்றாள். தாய்க்கோ அது உடன்பிறந்த அண்ணன் வீடு. தந்தை பஞ்சாயத்துப் பேசப் போனால் மைத்துனன் உறவு முறியும். இளையவளுக்குப் பார்த்திருக்கும் வரனும் நின்றுபோம். "பொறுத்துக்கொள், அம்மா" என்று திருப்பியனுப்புகின்றனர். அயலிற் கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு ஒரு கட்சியாகவேனும் நிற்கும். இவளுக்கோ இரு வீடும் ஒரே கட்சி.

கிராமத்தில் குரல் உயர்ந்தால் கொல்லைப்புறத்துப் பாட்டி ஓடி வருவாள். 1960-களில் ஆவடி டாங்கித் தொழிற்சாலையையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் நம்பிப் பல ஜில்லாக்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்தேறின. மாடிப் போர்ஷனிற் கதவடைத்து வாழும் பெண்ணின் குரலைக் கேட்பார் யார்? பூந்தமல்லியிலும் ஆவடியிலும் சகோதரிகள் பலர் நம்மிடம் தாழ்ந்த குரலிற் சொல்லியது இதுவே.

இன்னொன்று. அந்நியரிடம் நிபந்தனை பேசலாம்; மாமனிடம் பேசினால் மரியாதைக் குறைவாம். உத்தியோகம் செய்யும் பெண், "வேலையை விடமாட்டேன்" என்று அத்தையிடம் எங்ஙனம் சொல்வாள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914இல் மணம் புரியுமுன், தம்மைச் சமமாக நடத்தவேண்டுமென்றும் தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாதென்றும் மணமகனிடம் உறுதி பெற்றார். நூறாண்டுக்கு மேலாகியும் நம் சங்கத்து வரன் பதிவேட்டில் நட்சத்திரத்திற்கும் சம்பளத்திற்கும் சொந்த வீட்டிற்கும் கட்டங்கள் உள. பெண்ணின் நிபந்தனைக்குக் கட்டமில்லை. பந்தலில், சுற்றத்தார் நடுவே, "சம்மதந்தானே?" என்று கேட்பதைக் கேள்வியென நாம் எண்ணவில்லை.

ஆகவே நமது பிரேரணை: பதிவேட்டில் அக்கட்டம் வரைக, நிச்சயத்திற்கு முன் சகோதரிகள் இருவர் பெண்ணைத் தனியே கண்டு கேட்க. முறையீடு வந்தால் இரு வீட்டிற்கும் உறவில்லாதவரே விசாரிக்க. (நம்முள் அத்தகையாரைக் கண்டுபிடிப்பது எளிதன்று, தேடித்தான் ஆகவேண்டும்.) பெண் சட்டத்தை நாடினால் குலமானம் பேசி மறிக்கலாகாது. மகளிர் காவல் நிலையங்கள் 1992 முதல் நம் மாகாணத்தில் உள்ளன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவனுடன் வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அவளுக்கு அளிக்கின்றது. 181 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

இப்பிரேரணையை முதலிற் சகோதரிகள் தாமே உள்மண்டபத்தில் விவாதிக்கட்டும். ஆடவர் அதுவரை வெளியே காப்பி அருந்திக்கொண்டிருக்கலாம்.