இன்ஹேலருக்குப் பயம், மாத்திரைக்குத் தைரியம்

இன்னைக்குப் பேசப்போறது வீசிங் மருந்துகளைப் பத்தி. நம்ம மதுரையில இந்தத் தொந்தரவுக்கு ஆள் குறைவே இல்லை. அறுவடை நேரத்துல மேலூர், வாடிப்பட்டி பக்கம் பைக்ல போனா நெல்லுத் தூசி, தீபாவளிக்கு வெடிப்புகை, மார்கழியில பனி, வருஷம் முழுக்க ரோட்டுப் புழுதி. நெஞ்சு இறுகி விசில் சத்தம் கேட்க ஆரம்பிச்சதும் நிறையப் பேர் மெடிக்கலுக்குப் போறாங்க. "அண்ணே, வீசிங் மாத்திரை நாலு குடுங்க." போட்டுட்டு வேலையைப் பார்க்கக் கிளம்பிடுறாங்க.

அதே ஆளுக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தா வீட்டுல பஞ்சாயத்தே நடக்கும். "அது பழகிப்போயிரும்ப்பா, அப்புறம் விடவே முடியாது." "பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" நாலு பேர் முன்னாடி இன்ஹேலர் எடுத்தா, டிபி சிகிச்சைக்குப் பேர்போன தோப்பூர் ஆஸ்பத்திரி கேஸோன்னு நினைப்பாங்களாம். ஆஸ்துமா யாருக்கும் தொத்தாது. ஆனா இந்தப் பயம் தொத்தும். அதுவும் தப்பான மருந்து மேல போய் உட்கார்ந்திருக்கு.

ஏன்னு புரியணும்னா, மூச்சுக்குழாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும். ஆஸ்துமாவுல மூணு விஷயம் சேர்ந்து நடக்குது. குழாயைச் சுத்தி இருக்கிற தசை இறுகுது. உள்சுவர் வீங்குது. சளி கூடுதலாச் சுரக்குது. மூணுக்கும் மருந்து வேற வேற.

தசையைத் தளர்த்துறது சால்ப்யூட்டமால். பெரும்பாலும் நீல நிற இன்ஹேலர்ல வரும். தசையில இருக்கிற பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி, சில நிமிஷத்துல குழாயைத் திறந்துவிடும். நாலுல இருந்து ஆறு மணி நேரம் தாங்கும். ஆனா அதே மாதிரி ஏற்பிகள் கை தசையிலயும் இருக்கு, இதயத்துலயும் இருக்கு. அதனாலதான் கை நடுங்குறது, நெஞ்சு படபடக்கிறது எல்லாம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. இன்ஹேலர்ல ஒரு தடவை அழுத்தினா 100 மைக்ரோகிராம். ரெண்டு தடவைன்னா 200. இதே மருந்து மாத்திரையா வந்தா 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். இருபது மடங்கு! வயித்துக்குப் போய், ரத்தத்துல கலந்து, உடம்பு முழுக்கச் சுத்தித்தான் நுரையீரலுக்கு வரணும். அதனால அவ்வளவு தேவைப்படுது. வேலை செய்ய நேரமும் கூட ஆகும், நடுக்கமும் கூட வரும். இன்ஹேலர் வீட்டு வாசல்லயே கடிதத்தைக் கொடுத்துட்டுப் போற தபால்காரர். மாத்திரை, ஊரெல்லாம் நோட்டீஸ் வீசிட்டுப் போற ஆட்டோ.

அடுத்தது டெரிபிலின். ஊசியாவும் மாத்திரையாவும் நம்ம ஊர்ல ரொம்பப் பழக்கமான பேர். அதுல இருக்கிற தியோஃபிலின், காபியில இருக்கிற காஃபீனுக்கு நெருங்கின சொந்தம். வேலை செய்யும், ஆனா பலன் தர்ற அளவுக்கும் கெடுதல் செய்ற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி. கூடினா குமட்டல், படபடப்பு, ரொம்பக் கூடினா வலிப்புகூட வரலாம். சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சேர்த்துச் சாப்பிட்டா ரத்தத்துல இதோட அளவு ஏறிடும். ரெண்டையும் ஒரே கடையில கேட்டு வாங்குறவங்க இதைக் கவனிக்கணும்.

சளிக்கு வருவோம். வேலியோரம் வளர்ற ஆடாதோடை தெரியும்ல? அதுல இருக்கிற வாசிசின்கிற பொருளை முன்மாதிரியா வச்சு உருவாக்கினதுதான் ப்ரோம்ஹெக்சின். அது உடம்புக்குள்ள ஆம்ப்ராக்ஸாலா மாறும். இருமல் சிரப் பாட்டில்ல ரெண்டு பேரும் இருக்கும், பார்த்திருப்பீங்க. இதெல்லாம் சளியை இளக்கும். வீக்கத்தைக் குறைக்காது.

மூல வியாதியே அந்த வீக்கம்தான். அதைக் குறைக்கிறது ஸ்டீராய்டு. "ஐயோ, ஸ்டீராய்டா!"ன்னு இங்கதான் எல்லாரும் அலறுவாங்க. அட்டாக் வந்தா பிரெட்னிசலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை, சில நாளைக்குக் கொடுப்பாங்க. அது உயிரைக் காப்பாத்துற மருந்து. ஆனா கைக்குக் கிடைச்ச பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டா சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் ஊதும், உள்ள தூங்கிட்டிருக்கிற டிபி கிருமி எழுந்துக்கலாம். இன்ஹேலர்ல தினமும் எடுக்கிற பியூடசோனைடு பலருக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம்தான். அரை மில்லிகிராம்கூட இல்லை. எடைக்கு எடை பார்த்தா பியூடசோனைடு வீரியம் கூடின மருந்து, அது உண்மை. ஆனா வாயில தங்கி விழுங்கின பங்குல சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுத்துலயே உடைச்சிடும்.

அதுக்காகப் பக்கவிளைவே இல்லைன்னு சொல்லலை. வாயில வெள்ளைப் படலம் வரலாம், குரல் கம்மலாம். எடுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடுங்க. ஸ்பேசர் வச்சு எடுத்தா தொண்டையில படியுறது இன்னும் குறையும். சின்ன வயசுல வருஷக்கணக்கா எடுத்த பிள்ளைங்களுக்கு வளர்ந்த பிறகு உயரம் சராசரியா ஒரு சென்டிமீட்டர் போலக் குறையுதுன்னு ஆய்வு சொல்லுது. அந்த ஒரு சென்டிமீட்டரையும், ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே மூச்சுக்குத் திணர்ற பிள்ளையையும் பக்கத்துல வச்சு எடைபோடுங்க.

இன்னொரு மாத்திரையையும் சொல்லியே ஆகணும். சளி, தும்மல்னு போனா எழுதிக்கொடுக்கிற மான்டெலுகாஸ்ட். பலருக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சுல தன்னோட உச்சபட்ச எச்சரிக்கையைப் போட்டுச்சு. இதை ஆரம்பிச்ச பிறகு உங்க நண்பன் ஆளே மாறின மாதிரி தெரிஞ்சா, டாக்டர்கிட்ட இந்த மாத்திரை பேரைச் சொல்லுங்க.

சரி, நீல இன்ஹேலர் மட்டும் போதாதா? அழுத்தினா சரியாயிடுதேன்னு கேட்பீங்க. இன்னைக்கு நாம பயன்படுத்துற மாதிரியான அழுத்தி எடுக்கிற இன்ஹேலர் 1956-ல அமெரிக்காவுல வந்துச்சு. ஒரு மருந்து கம்பெனித் தலைவரோட பதின்ம வயது மகள், ஆஸ்துமாக்காரி, இதை ஏன் ஸ்ப்ரே மாதிரி செய்யக்கூடாதுன்னு கேட்ட கேள்வியில பிறந்ததுன்னு சொல்வாங்க. அடுத்த பத்து வருஷத்துல பிரிட்டன் மாதிரி சில நாடுகள்ல இளம் ஆஸ்துமா நோயாளிகளோட சாவு திடீர்னு கூடுச்சு. அப்போ வந்த வீரியம் கூடின ஐசோபிரினலின் இன்ஹேலர் மேல சந்தேகம் விழுந்துச்சு. அதுக்கப்புறம் நடந்த ஆய்வுகளும் ஒரு பக்கமாத்தான் கை காட்டுச்சு: தசையை மட்டும் தளர்த்திட்டு வீக்கத்தை விட்டுட்டா, உடனே கிடைக்கிற நிம்மதி ஆபத்தை மறைச்சிடும். 2019-ல ஜினாங்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல், பெரியவங்களுக்கும் பதின்ம வயசுக்காரங்களுக்கும் நீல இன்ஹேலர் மட்டும் கொடுக்கிற சிகிச்சை வேண்டாம்னே சொல்லிடுச்சு. கூடவே சின்ன அளவு ஸ்டீராய்டும் உள்ள போகணும்.

அதனால அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது மூணு கேள்வி கேளுங்க. இதுல எது தசைக்கு, எது வீக்கத்துக்கு? நான் இன்ஹேலர் பிடிக்கிற முறை சரியா, எடுத்துக் காட்டவா? நான் சாப்பிடுற வேற மருந்தோட இது சேருமா? நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டா, ராத்திரி எழுந்தா, அதையும் சொல்லுங்க. தினசரி மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனை செஞ்சிடுங்க. ஒரு வாக்கியத்தை முழுசாப் பேசி முடிக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா, யோசிக்காம 108.

வீட்டுல யாராவது இன்ஹேலரை அலமாரியில ஒளிச்சு வச்சிருந்தா, இந்த எபிசோடை அவங்களோட சேர்ந்து உட்கார்ந்து கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.