கயல் என்றால் கண்ணா, மீனா?

(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கயல்' என்றதும் பலருக்கு சன் டிவி தொடர் நினைவுக்கு வரும். சிலருக்கு 2014-இல் வந்த பிரபு சாலமன் படம். மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தவர்களும் இங்கே இருப்பீர்கள். ஆனால் மீன் கடையில் "அரைக் கிலோ கயல் கொடுங்க" என்று யாரும் கேட்பதில்லை. கண்ணுக்கு உவமையாகி உவமையாகி, அது மீன் என்பதே நமக்கு மறந்துவிட்டது.

அகராதியைப் புரட்டினால் கயல் ஒரு கெண்டை வகை. இரு முனையும் கூம்பி நடுவில் அகன்ற உடல். தெளிந்த நீரில் ஒரு நொடி மின்னும், மறு நொடி வேறு பக்கம் பாய்ந்துவிடும். வடிவம் மட்டுமல்ல, இந்தத் துள்ளலும் சேர்ந்துதான் உவமை. மதுரை மீனாட்சியின் தமிழ்ப்பெயர் அங்கயற்கண்ணி: அம் + கயல் + கண்ணி. பாண்டியர் கொடியில் இருந்ததும் கயல்தான். காயல்பட்டினத்தை இதோடு சேர்த்துவிடாதீர்கள். காயல் என்பது கடலை ஒட்டிய கழி.

மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும், அம்மனும் அப்படித்தான் நம்மைக் காக்கிறாள் என்று சொற்பொழிவுகளில் கேட்டிருப்பீர்கள். நிஜத்தில் கெண்டை முட்டைகளைச் சிதறவிட்டுப் போய்விடும்! அதனால் உவமையின் அழகு குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

முக்கூடற்பள்ளு நம் ஊர்ப் பக்கத்து நூல். ஆற்றில் வெள்ளம் வரும்போது துள்ளும் மீன்களை அது பெயர் பெயராக அடுக்கிச் சொல்கிறது. (அந்த முக்கூடல், பீடிக்குப் பெயர்போன முக்கூடல் அல்ல. சீவலப்பேரி பக்கம், தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் இடம்.) அங்கே மீன் வெறும் உவமை இல்லை. ஆற்றில் கிடந்த மீனேதான்.

இன்றும் நம் ஆற்றுக்கென்றே ஒரு கெண்டை உண்டு. விஞ்ஞானிகள் அதற்கு ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: டாக்கின்சியா தாம்பிரபர்ணி. உலகில் வேறு எங்கும் கிடையாது. அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நாம் சந்தையில் வாங்கும் ஜிலேபிக் கெண்டையோ கெண்டையே அல்ல. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. பெயரையும் எடுத்துக்கொண்டது, பல நீர்நிலைகளில் நம் மீன்களின் இடத்தையும் எடுத்துக்கொண்டது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம்மில் சில வீடுகளில் மீன் தொட்டி இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அந்த மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வளர்ந்து பெரிதானதும் பாவம் பார்த்து ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். சென்னை ஏரிகளில் அப்படித்தான் அது பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.