கொடிக்கயிறு யார் கையில்?



‘தேசியத் திருநாளும் தெருவும்’ என்பது இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. பெரிய தலைப்பு. நான் அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கொடிக்கம்பத்தின் அடியில் நிற்கும்போது கயிறு யார் கையில் இருக்கிறது?

நம் தெருக்களில் ஆகஸ்ட் 15 எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தின நாளே கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. காலையில் மூவண்ணக் கோலம். எட்டு மணி என்று போட்டிருந்தால் எட்டரைக்குச் சங்கத் தலைவர் வருவார். கொடிக்குள் வைத்த பூ தலையில் உதிரும். நாட்டுப்பண், ஒரு பேச்சு, ஆளுக்கொரு லட்டு. பிறகு லெமன் ஸ்பூன், மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி, மியூசிக்கல் சேர். ஆட்டோ ஸ்டாண்டில் தனியாக ஒரு கொடி, படிப்பகத்தில் இன்னொன்று, மீன் மார்க்கெட்டில் மற்றொன்று. பத்து மணிக்குத் தெரு பழையபடி ஆகிவிடும். டாஸ்மாக் அன்று மூடியிருக்கும் என்பதை முந்தின இரவே நினைவில் வைத்துக்கொள்ளும் தேசபக்தர்களும் நம்மிடையே உண்டு.

இதை நான் கேலி செய்ய வரவில்லை. அந்த லட்டுக்காகக் காத்திருந்தவன்தான் நானும். ஆனால் இந்த நாட்கள் பிறந்தபோது இவற்றுக்கு வேறொரு வேலை இருந்தது.

1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், முழு விடுதலையே இலக்கு என்று அறிவித்தது. அதை நாடெங்கும் மக்கள் வாயால் சொல்லவைக்க ஒரு நாள் குறித்தார்கள். 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று காந்தி ‘யங் இந்தியா’வில் எழுதினார். ஊரில் வழக்கம்போல் முரசறைந்து கூட்டத்தை அறிவியுங்கள், முடிந்தால் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் கூடுங்கள், உறுதிமொழியைப் படியுங்கள், உடன்படுகிறவர்கள் கையை உயர்த்தட்டும், சொற்பொழிவு வேண்டாம். மிச்சப் பொழுதை நூல் நூற்பதிலோ, தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குச் செய்யும் தொண்டிலோ, இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கான வேலையிலோ செலவிடுங்கள். சொற்பொழிவு வேண்டாம் என்று அவர் சொன்னதை ஒரு சொற்பொழிவில் எடுத்துச் சொல்கிற தைரியம் எனக்கு இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கவனியுங்கள். அன்று அணிவகுப்பு இல்லை, பீரங்கி வண்டி இல்லை, மேடையில் சிறப்பு விருந்தினர் இல்லை. அரசாங்கமே எதிர்த்தரப்பில் இருந்தது. ஊராரே கூடினார்கள், ஊராரே கை உயர்த்தினார்கள். நம் குடியரசு நாள் தெருமுனைக் கூட்டமாகத்தான் பிறந்தது. 1947 வரை ஆண்டுதோறும் அதுதான் சுதந்திர நாள். அதே தேதியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான், 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்தது.

அந்த நாட்களில் கயிற்றைத் தொடுவதற்கு விலை இருந்தது. சென்னிமலையில் பிறந்த குமரன் 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் கொடியோடு ஊர்வலம் போய் அடிபட்டு மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 27. அதே மாதம் 26-ஆம் தேதி, ஆர்யா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம் சென்னைக் கோட்டைக் கம்பத்தில் ஏறி மூவண்ணக் கொடியைக் கட்டினார். ஆங்கிலக் கொடி பறக்க வேண்டிய இடத்தில் அது பறந்தது. இருவரிடமும் எந்தப் பதவியும் இல்லை. யாரும் அவர்களைக் கொடியேற்ற அழைக்கவுமில்லை.

சுதந்திரம் வந்தபின் நாள் கொஞ்சம் கொஞ்சமாக டெல்லிக்குக் குடிபெயர்ந்தது. 1950-இல் முதல் அணிவகுப்பு இர்வின் மைதானத்தில். 1955 முதல் அன்றைய ராஜபாதையில். தெருவிலிருந்தவர்கள் பார்வையாளர்கள் ஆனார்கள். முதலில் வானொலி, பிறகு தூர்தர்ஷன். மாநிலத் தலைநகரிலேயே கயிறு யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. 1973 வரை சுதந்திர நாளிலும் கோட்டையில் கொடியேற்றியவர் ஆளுநர்தான். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கு அந்த உரிமை வேண்டும் என்று மு. கருணாநிதி மத்திய அரசிடம் கேட்டுப் பெற்றார். 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். குடியரசு நாள் ஆளுநரிடமே இருக்கிறது. கயிறு வெறும் கயிறில்லை என்பது பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அது தெரியாமல் இருப்பது நாம்தான் என்று நினைத்திருந்தேன். ஆத்துப்பாக்கம் என் நினைப்பைத் திருத்தியது.

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி பக்கம். அந்த ஊராட்சியின் அப்போதைய தலைவர் ஒரு தலித் பெண். தேர்தலில் நின்று வென்றவர். 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊர்ப் பள்ளியில் அவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்ததும் மாவட்ட ஆட்சியர் நேரில் போய், சில நாள் கழித்து அவர் கையாலேயே கொடியேற்ற வைத்தார். சட்டம் வேலை செய்தது, நல்லது. ஆனாலும் ஐந்தாறு நாள் பிந்தி, அதிகாரிகளும் போலீசும் சூழ ஏற்றப்பட்ட அந்தக் கொடி சுதந்திர தினக் கொடி ஆகுமா? அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அன்று காலையில் கற்றுக்கொண்டது என்ன? எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒன்றை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

இது ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல. 2022-இல் சுதந்திர நாளுக்கு முன், அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது: ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று. விடுதலையின் 75-ஆம் ஆண்டில், ஒரு மாநிலத்தின் மூத்த அதிகாரி இப்படி ஒரு கடிதம் எழுத நேர்ந்ததை நாம் சும்மா தாண்டிப் போய்விடக் கூடாது. ஊரே திரண்டு நடத்தும் விழா என்று சொல்கிறோமே, அந்த ஊர் என்பதில் யார் யார் அடக்கம் என்பதைக் கொடிக்கம்பம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சுதந்திர நாளில் கோயில்களில் பொது விருந்தும் நடக்கிறது. அறநிலையத் துறை நடத்துவது. அமைச்சர்களும் பொதுமக்களும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் என்றாலும் எனக்கு அது பிடிக்கும். குடியாட்சியில், பந்தியில் பக்கத்தில் உட்காருவது ஒரு பாதி. மறுபாதி, கணக்குக் கேட்பது. நம் சட்டம் அதற்கும் இதே நாட்களைத்தான் வைத்திருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்திருக்கின்றன. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 10,000-க்கு மேல் என்றால் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவு படிக்கப்பட வேண்டும். தெருவிளக்கு, தண்ணீர், நூறு நாள் வேலை பற்றி யாரும் எழுந்து கேட்கலாம். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள் என்ற புகார் உண்டு, உண்மையும் கூட. இருந்தாலும் 1930-இல் கை உயர்த்திய அந்தக் கூட்டத்துக்கு இன்றுள்ள நேர் வாரிசு இதுதான். அணிவகுப்பு அல்ல.

நகரத்தில் இருக்கிற நமக்கு இது வாய்க்கவில்லை என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2022 நவம்பர் 1 அன்று நகரப் பகுதிகளிலும் பகுதி சபை கூடத் தொடங்கியது. வார்டு உறுப்பினர் தலைமையில் அந்தப் பகுதி மக்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. இந்த அரங்கில் எத்தனை பேர் போயிருப்பீர்கள் என்று கை தூக்கச் சொல்லலாம். சொல்லப் போவதில்லை, விழா நாளில் யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது.

ஆனால் ஒரு சங்கடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கொடிக்குள் பூ வைத்து மடித்து, முடிச்சுப் போட்டு, சுருக்கு அவிழும்படி கயிற்றைப் பக்குவமாகக் கட்டித்தருபவர் வாட்ச்மேன். தலைவர் இழுக்கும்போது சிக்கிக்கொண்டால் ஓடிவந்து சரிசெய்பவரும் அவரே. நாட்டுப்பண் முடிந்ததும் அவர் கேட்டுக்குப் போய்விடுவார். போட்டோவில் அவர் இருக்க மாட்டார். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களிலும் தொழிலாளிக்கு விடுமுறை என்கிறது. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. நம் வாசலில் நிற்பவருக்கு அது கிடைக்கிறதா என்று எந்தச் சங்கக் கூட்டத்திலாவது பேச்சு எழுந்திருக்கிறதா? அன்று காலையில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு அந்தச் சட்டம்கூடத் துணையில்லை. விடுதலைத் திருநாளில் விடுப்புக் கேட்கத் தயங்குகிறார் அவர்.

இன்னொன்று, விழாவுக்கு வராதவர்களைப் பற்றி. இப்போதெல்லாம் வாட்ஸ்ஆப் குழுவில், யார் வீட்டுப் பால்கனியில் கொடி இல்லை என்று கணக்கெடுக்கும் வழக்கம் தொடங்கியிருக்கிறது. ஆனால் 1947-இல் பெரியாரே ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றார். அவர் இயக்கத்திலேயே இருந்த அண்ணா அதை ஏற்காமல், அது இன்ப நாள் என்று எழுதினார். இருவரும் தமிழ்நாட்டு வரலாற்றில் இருக்கிறார்கள். யாரையும் நாம் ஊரைவிட்டுத் தள்ளவில்லை. கேரளத்தில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாக வாய் திறக்காமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் கொடியேற்றுவது குடிமகனின் உரிமை என்று 2004-இல் அதே நீதிமன்றம் சொன்னது. உரிமை என்றுதான் சொன்னது. கட்டாயம் என்று சொல்லவில்லை.

கொடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கையால் நூற்று நெய்த துணியில்தான் கொடி என்று இருந்த விதியை 2021 டிசம்பரில் தளர்த்தி, இயந்திரத்தில் நெய்ததும் பாலியெஸ்டரும் சேர்க்கப்பட்டன. 2022-இல் இரவிலும் பறக்கவிடலாம் என்றார்கள். விலை குறைந்தது, கொடிகள் பெருகின. எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. ஆகஸ்ட் 16 காலையில் சாக்கடை ஓரத்தில் கிடப்பதைப் பொறுக்கி எடுப்பவர் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். காகிதக் கொடியைத் தரையில் எறியக் கூடாது, கிழிந்ததை மரியாதையோடு தனியிடத்தில், முடிந்தவரை எரித்து, அழிக்க வேண்டும் என்று 2002-இல் வந்த கொடி விதித்தொகுப்பு சொல்கிறது. விழாக் குழுவில் இந்த வேலைக்கென்று இருவரை இப்போதே குறித்துவிடுங்கள்.

முடிக்கிறேன். இந்தக் குடியிருப்போர் நலச்சங்கத்திடம் நான் கேட்பது மூன்று காரியம். வருகிற விழாவில் கயிற்றை இந்தத் தெருவைப் பெருக்குகிறவரிடம் கொடுங்கள். சிறப்பு விருந்தினர் தேட வேண்டிய செலவும் மிச்சம். லட்டு கொடுப்பதற்கு முன் சங்கத்தின் ஆண்டு வரவு செலவைக் கொடியின் கீழ் நின்று வாசியுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும், கேள்வி கேட்கிறவரை உட்காரச் சொல்லாதீர்கள். அடுத்த பகுதி சபை எந்த நாளில், எந்த இடத்தில் கூடுகிறது என்று வார்டு உறுப்பினரிடம் கேட்டு, இதோ இந்த வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள்.