ஏனென்றால் வழக்கம்!
ஒரு நாடகத்தின் முதற்பாட்டு



இன்று நாம் ஒரு பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பாட்டைப் பற்றிப் பேச நமக்கென்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். ராகத்தையும் தாளத்தையும் வித்வான்களுக்கே விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு பாட்டு ஒரு சமூகத்தின் மனத்தையே திறந்து காட்டுமானால், அதைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

நாடகமென்றால் முதலில் கடவுள் வாழ்த்துப் பாடுவதையே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். 1964-ம் வருஷம் செப்டம்பரில் நியூயார்க் நகரில் அரங்கேறிய 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்', அதாவது கூரைமேல் பிடில் வாசிப்பவன், என்ற இசை நாடகத்திலோ, ஊர் ஜனங்கள் வரிசையாய் மேடைக்கு வந்து, வட்டமாய்ச் சேர்ந்து வாழ்த்துவது கடவுளை அல்ல. 'டிரடிஷன்' என்கிற பரம்பரை வழக்கத்தைத்தான்! அந்த ஊரை உண்மையில் ஆள்வது எது என்பது முதற்பாட்டிலேயே விளங்கிவிடுகிறது.

ஷோலம் அலெய்கெம் இட்டிஷ் மொழியில் எழுதிய பால்காரர் டெவ்யாவின் கதைகளை வைத்து ஜோசப் ஸ்டெயின் நாடகம் எழுதினார். ஜெர்ரி பாக் இசையமைத்தார். ஷெல்டன் ஹார்னிக் பாட்டு எழுதினார். ஜெரோம் ராபின்ஸ் இயக்கினார். 1905-ல், ஜார் ஆட்சியில், அனடெவ்கா என்னும் கற்பனைக் கிராமத்தில் வாழும் ஏழை யூதர்களின் கதை அது.

இந்தப் பாட்டு முதலில் நாடகத்தில் இல்லை. ஒத்திகைக்கு முன்பே ராபின்ஸ், "இந்த நாடகம் எதைப் பற்றியது?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஒரு பால்காரரும் அவர் பெண்களும் என்ற பதிலை அவர் ஏற்கவில்லை. கடைசியில், பரம்பரை வழக்கம் சிதைந்துபோவதைப் பற்றியது என்று பதில் வந்தவுடன், அப்படியானால் அதையே முதற்பாட்டாக எழுதுங்கள் என்றார். ஒரு கேள்வியை விடாப்பிடியாய்க் கேட்டதன் பலன்தான் இந்தப் பாட்டு என்பதைக் கவனியுங்கள்.

பாட்டினிடையே டெவ்யா நம்மிடம் பேசுகிறார். தலையை எப்போதும் மூடிக்கொள்கிறோம், குஞ்சம் வைத்த துணி அணிகிறோம் என்கிறார். இது எப்படி ஏற்பட்டது என்ற கேள்வியையும் அவரே கேட்டுக்கொண்டு, தமக்குத் தெரியாது என்பதையும், ஆனாலும் அது வழக்கம் என்பதையும் கூசாமல் சொல்லிவிடுகிறார். கொட்டகை சிரிக்கிறது. தோழர்களே! அந்த மனிதரின் நாணயத்தை நாம் மெச்சுகிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற வழக்கக்காரர் உலகில் எத்தனை பேர்?

பிறகு நான்கு கூட்டத்தார் தத்தம் கடமையைப் பாடுகிறார்கள். தகப்பன்மார் சம்பாதித்து, பிரார்த்தனை செய்து, வீட்டில் கடைசி வார்த்தை சொல்வார்கள். தாய்மார் ஆசாரம் கெடாமல் குடும்பம் நடத்துவார்கள். பிள்ளைகள் மூன்று வயதில் வேதப் பள்ளிக்கும் பத்து வயதில் தொழிலுக்கும் போவார்கள். பெண்கள் வீட்டு வேலை பழகி, தகப்பன் காட்டுகிறவனை மணப்பார்கள். நான்கு மெட்டுகளும் முதலில் தனித்தனியே வந்து, பிறகு ஒன்றாய்ச் சேர்ந்து ஒலிக்கின்றன. கேட்கக் காதுக்கு வெகு இனிமை! ஆனால் ஒவ்வொருவரும் தமக்கு விதித்த இடத்தை விட்டு அசையாதிருக்கிற வரையில்தான் அந்த இனிமை. அந்த நான்கில் ஒரு மெட்டு, யாரோ ஒருவன் வீட்டுக்கு அனுப்பப்படக் காத்திருக்கும் பெண்களுடையது.

இடையில் ஒரு வேடிக்கை. ஒருவன் மற்றவனுக்கு விற்றது குதிரையா கோவேறு கழுதையா என்று ஊரே இரண்டாய்ப் பிரிந்து கூச்சலிடுகிறது. அந்தக் கூச்சலையும் வழக்கத்தின் பாட்டே விழுங்கிவிடுகிறது. கண்ணால் கண்ட மிருகத்தைப் பற்றி வழக்காடுகிறவர்கள், காரணம் தெரியாத வழக்கத்தைப் பற்றி மாத்திரம் ஒரே குரலில் பாடுகிறார்கள்!

அந்தக் குரலை முதலில் கலைப்பவர்கள் யார்? பெண்களே. மூத்தவள் ட்ஸைட்டல், தகப்பன் நிச்சயித்த பணக்காரக் கசாப்புக்காரரை விட்டு ஏழைத் தையற்காரனை மணக்கிறாள். அவள் கலியாணத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்துக் கட்டிய கயிற்றைத் தாண்டி, பெர்ச்சிக் என்ற புரட்சிக்கார மாணவன் இரண்டாமவள் ஹோடலோடு நடனமாடுகிறான். இது பாவமா என்று குருவைக் கேட்டால், திட்டமான தடை ஒன்றும் இல்லை என்றே ஆகிறது! இத்தனை காலம் அந்தக் கயிறு எதில் நின்றது? கேட்பாரில்லை என்பதில்தான் நின்றது.

அந்த இரு பெண்கள் விஷயத்திலும் டெவ்யா இப்பக்கமும் அப்பக்கமும் யோசித்துச் சம்மதிக்கிறார். மூன்றாமவள் சாவா ஒரு கிறிஸ்தவ ருஷியனை மணந்தபோதோ, யோசிப்பதையே நிறுத்திவிட்டு, மகள் செத்தாள் என்று தள்ளிவிடுகிறார். அவரைக் கொடியவர் என்று நாம் சொல்லமாட்டோம். அடிபட்டுக்கொண்டே வாழ்ந்த ஜனங்களுக்கு வழக்கம் ஒரு வேலியாயிருந்தது உண்மை. ஆனால் அந்த வேலி அவர் பெற்ற மகளையே வெளியே நிறுத்தியது.

வழக்கத்தை மீறியதால்தான் ஊர் அழிந்தது என்று வைதிகர்கள் சொல்லக்கூடும். அது பொய். மூன்று நாளில் ஊரைக் காலி செய் என்று வந்த உத்தரவு, மீறின பெண்ணையும் மீறாத குருவையும் பிரித்துப் பார்க்கவில்லை. துரத்தியது ஜார் அரசாங்கம்; மகளின் காதல் அல்ல.

நியூயார்க்கில் இந்நாடகம் 1972 வரை 3,242 முறை நடந்தது. 1967-ல் டோக்கியோவில் போட்டபோது, இவ்வளவு ஜப்பானியத்தனமான கதை அமெரிக்கர்களுக்கு எப்படி விளங்குகிறது என்று அங்குள்ள தயாரிப்பாளர் கேட்டதாக ஸ்டெயின் சொல்லியிருக்கிறார். ஆதலால் இது ஓர் ஊர் யூதர்களின் சங்கதி மாத்திரமல்ல.

கடைசியில் முதற்பாட்டின் வட்டம் கலைந்து ஜனங்கள் பல திசையிலும் போகிறார்கள். டெவ்யா, சாவாவுக்கு நேரே அல்லாமல், வாய்க்குள்ளேயே ஓர் ஆசீர்வாதம் சொல்கிறார். பிறகு வண்டியை இழுத்துக்கொண்டு புறப்படுகையில் பிடில்காரனைத் தம்மோடு வரும்படி சைகை காட்டுகிறார். பிடில் போகட்டும், தோழர்களே! அதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கயிற்றை மாத்திரம் அங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும். எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க, அந்த முதற்பாட்டில் டெவ்யா கேட்டுவிட்டுப் பதில் தேடாமல் விட்ட கேள்வி ஒன்றே போதும் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.