"கை கழுவிட்டீங்களா?"

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போது ஊக்குநர் அக்கா ஒருத்தர் கேட்டாங்க, "வெளிநாடு போய்ப் படிச்சியாமே, அங்க அப்படி என்னதான் பார்த்தே?" அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்குச் சொல்கிறேன்.

சமூகப்பணி முதுகலை படிக்கும்போது, 2014-ஆம் ஆண்டு, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னாவுக்கு 5 மாதம் போனேன். வாரத்தில் 3 நாள் வகுப்பு. 2 நாள் ஒரு மருத்துவமனையில், அங்குள்ள சமூகப் பணியாளர் கூடவே நிழல் மாதிரி போய் வேலையைப் பார்க்க வேண்டும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன்னால் அந்த அம்மா கேட்கிற கேள்விகள் எனக்குப் பிடிக்கும். "வீட்டில் யார் இருக்கிறார்கள்? எத்தனை படி ஏறணும்? யார் சமைப்பார்கள்?" மருந்துச் சீட்டு மட்டும் போதாது என்று அங்கேதான் புரிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். வயதான பாட்டி ஒருவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நம்ம ஊர்ப் பழக்கம், பிடித்துக்கொண்டேன். அப்படியே பக்கத்துக் கட்டிலுக்குப் போய்க் கம்பியில் கை வைத்தேன். பயிற்சிக்கு வந்த சின்ன நர்ஸ் ஒருத்தி, என்னைவிட இளையவள், ஓடி வந்து கட்டிலின் கால்பக்கம் மாட்டியிருந்த மருந்துப் பாட்டிலைக் காட்டினாள். கையில் தேய்க்கச் சொன்னாள். எனக்கு முகம் சிவந்துபோச்சு. அரை மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டர் வந்தார். அவரும் ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்கு அப்படியே நகர்ந்தார். அதே பெண் அதே பாட்டிலைக் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. "டாங்கே" என்றார். நன்றி என்று அர்த்தம். கையைத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

என் வெட்கம் போய் ஆச்சரியம் வந்தது. சமூகப் பணியாளர் அம்மாவிடம் கேட்டேன். "இந்தப் பாடத்துக்காக இந்த ஊர் பெரிய விலை கொடுத்திருக்கிறது. சனிக்கிழமை பழைய ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்" என்றார்.

போனேன். 1784-ல் திறந்த பொது மருத்துவமனை அது. இப்போது பல்கலைக்கழக வளாகம். மர நிழலில் மாணவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனால் 1840-களில் அங்கே 2 பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். ஜெர்மன் மொழியில் மருத்துவச்சியை "ஹேபம்மெ" என்பார்கள். காதில் பாதி "அம்மா" என்றே விழும்.

1846-ல் முதல் வார்டில் 100 தாய்மார்களுக்கு 11 பேர் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 3 பேருக்கும் குறைவு. இது படித்தவர்களுக்கு முன்னால் பெண்களுக்குத் தெரிந்திருந்தது சகோதரிகளே! ஒருநாள் அந்த வார்டு, மறுநாள் இந்த வார்டு என்று சேர்ப்பார்கள். முதல் வார்டு முறை வந்துவிட்டால் பெண்கள் மண்டியிட்டு அழுவார்களாம். அங்கே போவதைவிடத் தெருவிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்தவர்களும் உண்டு. காற்று சரியில்லை, பெண்கள் பயத்தில் சாகிறார்கள் என்று பெரியவர்கள் காரணம் சொன்னார்கள்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் மட்டும் ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார். 1847-ல் அவருடைய டாக்டர் நண்பர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, அதே மாதிரி காய்ச்சலில் இறந்தார். அப்போதுதான் விளங்கியது. டாக்டர்களும் மாணவர்களும் பிண அறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. நோயைக் கொண்டுவருவது டாக்டரின் கை! வார்டுக்குள் வருகிற எல்லோரும் குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். அது வேறொன்றும் இல்லை, நாம் குடிநீர்த் தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர்தான். 1848-ல் முதல் வார்டு சாவு 100-க்கு 1 சொச்சமாக இறங்கிவிட்டது.

அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. "எங்கள் கையா அழுக்கு?" என்று பல பெரிய டாக்டர்கள் ஏற்கவில்லை. வேலையும் நீடிக்கவில்லை. 1865-ல் ஒரு மனநலக் காப்பகத்தில், காயத்தில் சீழ் வைத்து, 47 வயதில் இறந்தார். 1879-ல்தான் பிரசவக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை லூயி பாஸ்டர் காட்டினார்.

அடுத்த வாரமே அவர் பிறந்த ஊரான புடாபெஸ்டுக்கு ரயில் ஏறினேன். ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். அவர் பிறந்த வீடு இப்போது மருத்துவ அருங்காட்சியகம். ஊருக்குள் பழைய ரோக்குஸ் மருத்துவமனை முன்னால் அவர் சிலை நிற்கிறது. காலடியில் கைக்குழந்தையோடு ஒரு தாய். அதைப் பார்த்ததும் எனக்கு என் பெரியம்மா ஞாபகம் வந்தது.

நான் பார்த்ததே இல்லை. அம்மாவுடைய அக்கா. முதல் பிரசவம் வீட்டில் நடந்து, 6-ஆம் நாள் ஜன்னி கண்டு இறந்துபோனார். "சொல்லச் சொல்லக் கேட்காம பச்சத்தண்ணியில கைய வெச்சா, அதான்" என்றுதான் இன்றைக்கும் வீட்டில் சொல்வார்கள். செத்தவள் மேலேயே பழி! அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, பெரியம்மா மேல எந்தத் தப்பும் இல்லம்மா. பிரசவம் பார்த்த கையில இருந்து வந்திருக்கும்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இத எங்கம்மா உயிரோட இருக்கும்போது யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதனால்தான் சகோதரிகளே, இதை உங்களிடம் சொல்கிறேன். இன்றைக்குப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. துணைக்குப் போவது நாம்தான். தாயையும் பிள்ளையையும் தொடும் முன்னால் சோப்புப் போட்டு, நகக்கண், விரலிடுக்கு எல்லாம் தேய்த்து, ஒரு நிமிடம் கழுவுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்களையும் கழுவச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் பரவாயில்லை. பிரசவமாகி 42 நாளுக்குள் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, கெட்ட வாடையோடு உதிரப்போக்கு இருந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றம் இல்லை. வங்கி மேனேஜரிடம் கடன் கேட்டு வாதாடுகிற நமக்கு, இதைக் கேட்க வாய் வராதா?

ஊக்குநர் அக்கா, நான் அங்கே பார்த்தது இதுதான்.