மந்தைக்கு ஒரு கழுத்துப்பட்டை
(பஞ்சாயத்து உறுப்பினர்களும் கால்நடை வளர்ப்போரும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சு)



பொறியியற் கல்லூரியில் பாடம் சொல்லும் எங்களுக்கு ஆடு மாடுகளைப் பற்றி உங்கள் முன் பேச என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆட்டைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்கள் இறுதியாண்டு மாணவர் நால்வர், மேய்ச்சலுக்குப் போன ஆடு எங்கே நிற்கிறது என்பதைத் தெரிவிக்கும் கழுத்துப்பட்டை ஒன்றைச் செய்தார்கள். அந்த முயற்சியில் நாங்கள் எங்கே தவறினோம், யாரிடம் கற்றோம், அக்கருவியை எந்த அளவுக்கு நம்பலாம், எவ்விடத்தில் நம்பக்கூடாது என்பவற்றைச் சொல்லவே வந்திருக்கிறோம். இத்தகைய கருவிகள் நாளடைவில் உங்கள் ஊர்ச் சந்தைக்கும் வரும். வாங்குமுன் அவற்றின் குணத்தை அறிந்திருப்பது நலம்.

காதுவில்லையும் மணியும்

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. இவற்றுள் பெரும்பாலானவை கொட்டிலில் நின்று தீனி தின்பவை அல்ல. தரிசிலும், கண்மாய்க் கரையிலும், அறுப்பு முடிந்த வயலிலும் மேய்ந்து வயிறு வளர்ப்பவை. இரவில் வயலில் கிடை அமர்ந்து நிலத்துக்கு உரம் தருபவை. மேய்ச்சலுக்குப் போவதில் ஆபத்தும் உண்டு. ஒன்று வழி தவறும். ஒன்று முள்ளில் மாட்டிக்கொள்ளும். சினை ஆடு புதரோரம் ஒதுங்கி ஈன்றுவிடும். தெருநாய்கள் அதற்கு முன்பே போய்ச் சேரும். நான்கு ஆடு போனால் ஒரு சிறு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பே போய்விடும்.

கால்நடைகளின் காதில் அரசாங்கம் மாட்டுகிற 12 இலக்க வில்லையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அது இன்ன பிராணி, இன்ன தடுப்பூசி போடப்பட்டது என்பதைச் சொல்லும். எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல நம் முன்னோர் கண்ட சாதனம் மணி. முன்னால் போகும் ஆட்டுக்கு மணி கட்டினால், மந்தை போகும் திசை காதுக்குத் தெரியும். மணிக்கு மின்சாரம் வேண்டாம்; ஆனால் அதன் ஓசை எட்டும் தூரம் குறைவு. ஓசை எட்டாத இடத்திலிருந்தும் செய்தி சொல்லும் மணி ஒன்று வேண்டும் என்பதே எங்கள் மாணவர்களின் எண்ணம்.

கருவி வேலை செய்யும் விதம்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசு நடத்திவரும் செயற்கைக்கோள் ஏற்பாடு. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் 24க்குக் குறையாத செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் ஓயாமல் அறிவிக்கிறது. அச்செய்தி நம்மை வந்தடைய ஒரு விநாடியில் நூற்றில் ஏழு பங்கு நேரம் ஆகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால், எதெது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைக் கொண்டு, கழுத்துப்பட்டையிலுள்ள கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும்.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாக மனத்திற் கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் ஆட்டைப் பார்ப்பதில்லை. பட்டையிலுள்ள கருவி கேட்கிறது, அவ்வளவே. கேட்டுக் கணக்கிட்ட இடத்தை ஆட்டுக்காரருக்குத் தெரிவிக்க, கைப்பேசியில் உள்ளது போன்ற இன்னொரு வானொலிக் கருவியும் அதனுள் வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான செய்தியில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அது நீக்கப்பட்ட பிறகே இக்கருவி உழவருக்கும் உதவக்கூடிய துல்லியத்தைப் பெற்றது. இன்றும் திறந்த வெளியில் சுமார் ஐந்து மீட்டர் அளவுக்கு இடம் பிசகும். மரத்தடியிலும் பாறையோரத்திலும் பிசகு இன்னும் கூடும்.

பிற நாடுகளில்

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் மாடுகளின் கழுத்தில் சிறு கணினியையும் ஜி.பி.எஸ். கருவியையும் கட்டி, கண்ணுக்குத் தெரியாத வேலியை மாடு கடக்க முயன்றால் ஒலி எழுப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நியூசிலாந்தில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து பொறியியல் பயின்ற கிரெய்க் பிகட் என்ற இளைஞர் 2016ஆம் ஆண்டில் ஹால்டர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சூரிய ஒளியில் இயங்கும் அவர்களுடைய பட்டை, ஒலியாலும் அதிர்வாலும் மாடுகளை ஒரு மேய்ச்சல் துண்டிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துகிறது. நார்வேயில் கோடைதோறும் ஏறத்தாழ 20 லட்சம் செம்மறியாடுகளும் குட்டிகளும் மலைமேய்ச்சலுக்கு விடப்படுகின்றன. அங்கும் இத்தகைய பட்டைகள் பழக்கத்தில் உள்ளன. நோஃபென்ஸ் என்ற நார்வே நிறுவனத்தின் பட்டை, எல்லையில் முதலில் ஒலி எழுப்பும். ஆடு திரும்பாவிட்டால் சிறு மின்னதிர்ச்சி தரும்.

இவற்றைப் படித்துவிட்டு எங்கள் மாணவர்களும் அப்படியே செய்ய நினைத்தார்கள். ஆனால் ஒரு வேற்றுமை இருக்கிறது. அந்நாடுகளில் மேய்ச்சல் நிலத்தில் மேய்ப்பவர் எந்நேரமும் நிற்பதில்லை. அவருடைய இடத்தில் கருவி நிற்கிறது. நம் ஊரிலோ மந்தையோடு ஆள் இருக்கிறார். அவருக்கு வேண்டியது தமக்குப் பதிலாக ஒரு கருவி அன்று. தமக்கு உதவும் கருவி. ஆகவே மின்னதிர்ச்சியை நாங்கள் தொடவே இல்லை.

ஆட்டுக்காரரே ஆசிரியர்

கருவிகளை மேஜைமேல் செய்து முடித்து, வானம் பார்த்த பூமியில் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் தம் மந்தையில் சோதிக்க இசைந்தார். பெரிய கிடாயின் கழுத்தில் முதற் பட்டையைக் கட்டப் போன மாணவனை அவர் தடுத்தார். “தம்பி, கிடாய் பின்னால் வரும். முன்னால் போகிறது அந்தக் கிழட்டுப் பெட்டை. வழி தவறுகிறது இந்தச் சிவப்பி. இரண்டுக்கும் கட்டு, போதும்” என்றார். பட்டையின் விலை சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. மந்தை முழுமைக்கும் கட்டினால் எந்தக் குடும்பமும் தாங்காது. பெரியவரின் ஒரு வார்த்தையால் எங்கள் திட்டத்தின் செலவு ஒரு சிறு பங்காகக் குறைந்தது.

அடுத்த பாடம் மின்சாரம். ஜி.பி.எஸ். கருவி விழித்திருக்கும்போது ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர் எடுக்கும். 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலம் அதைத் தாங்குவது 66 மணி நேரம்; மூன்று நாள்கூட இல்லை. எங்கள் முதற் பட்டைகள் அப்படியே மூன்றாம் நாள் ஓய்ந்தன. மோட்டாரை ஓயாமல் ஓட்டாமல் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல, அரைமணிக்கு ஒரு நிமிஷம் மட்டும் கருவியை எழுப்பினால், கணக்குப்படி அதே மின்கலம் 80 நாள்களைத் தாண்டும். செய்தி அனுப்பும் செலவு அதிற் கழியும். ‘இரவில் கிடையிலும் உச்சிவெயிலில் மரத்தடியிலும் ஆடு அசையாது; அப்போது எதற்கு விழிப்பு?’ என்று பெரியவர் கேட்டார். அதன் பிறகே அசைவை உணரும் சிறு கருவியைச் சேர்த்து, ஆடு நடக்கும்போது மட்டும் ஜி.பி.எஸ். எழும்படி செய்தோம்.

கட்டும் முறையையும் அவரே கற்றுக்கொடுத்தார். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டை கருவேலங்கிளையில் மாட்டினால் ஆடு சாகக்கூடாது. பட்டைதான் அறுந்து விழ வேண்டும். ஆகவே ஓரிடத்தில் பருத்தி நூலால் இணைத்தோம். எடை ஆட்டின் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டோம். வானத்தை நோக்கவேண்டிய ஏரியல் கழுத்தின் அடியில் சரியாதிருக்க, மின்கலத்தின் பாரத்தைக் கீழே தொங்கவிட்டோம்.

மாணவர்கள் அழகான வரைபடத்தைக் கைப்பேசித் திரையில் வரும்படி செய்திருந்தார்கள். பெரியவரிடம் இருந்ததோ பொத்தான் கைப்பேசி. அவருக்கு எழுத்தும் தெரியாது. ஆகவே அவரோடு இரண்டு நாள் நடந்து, அவர் சொன்ன இடப்பெயர்களை எல்லாம் கருவிக்குக் கற்பித்தோம். ‘சிவப்பி ஐயனார் கோயிலுக்கு மேற்கே, ஓடைக்கரையில்’ என்று கைப்பேசி பேசத் தொடங்கியது. ஒருநாள் அந்தியில், நெடுநேரம் அசைவில்லை என்று எச்சரிக்கை வந்தது. கண்மாயின் உட்கரையில் சிவப்பி இரண்டு குட்டிகளை ஈன்று நின்றுகொண்டிருந்தது. நாய்களுக்கு முன்னே பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

சாட்சி சொல்லாத கருவி

இனிச் சொல்லப்போவதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் சிறப்பாகக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சில நாள் கழித்து, பக்கத்து நிலக்கடலைக் கொல்லையில் ஆடுகள் புகுந்துவிட்டன என்று புகார் எழுந்தது. பயிரை மேய்ந்த கால்நடையைப் பிடித்துப் பட்டியில் அடைக்கவும் கட்டணம் வசூலிக்கவும் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வகை செய்கிறது. ஊர்ப் பெரியவர்கள் எங்களிடம் வந்து, ‘உங்கள் கருவியில் பதிவு இருக்குமே, அதை எடுங்கள்; உடனே தீர்த்துவிடலாம்’ என்றார்கள்.

பதிவை எடுத்துப் பார்த்தோம். ஒரு புள்ளி கொல்லைக்குள் இருந்தது. அரைமணி கழித்து அடுத்த புள்ளி வண்டிப்பாதையில் இருந்தது. ஆனால் வரப்பின் அகலம் ஒரு முழம். கருவியின் பிசகு ஐந்து மீட்டருக்கும் மேல். கொல்லைக்குள் தெரிந்த புள்ளி உண்மையில் பாதையிலேயே இருந்திருக்கலாம். பாதையில் தெரிந்தது கொல்லைக்குள் இருந்திருக்கலாம். இடைப்பட்ட அரைமணியில் நடந்தது எதுவும் பதிவில் இல்லை. பட்டை கட்டிய ஆடுகளோ இரண்டே; புகுந்தவை மற்றவையாக இருக்கலாம். ‘இக்கருவி இவ்வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியற்றது’ என்று நாங்களே சொல்லவேண்டியதாயிற்று. பிறகு இரு தரப்பாரும் கொல்லைக்குப் போய், குளம்படியையும் கடிபட்ட செடியையும் பார்த்து, ஊர் வழக்கப்படி பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பெரியவர் இரண்டு பட்டைகளையும் கழற்றி எங்கள் கையில் கொடுத்துவிட்டார். “தம்பி, இது ஆட்டைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. நான்கு மாணவர்களும் ஒரு வாரம் கலந்து யோசித்தார்கள். மந்தை நடந்த வழியின் பதிவு பெரியவருக்கே உரியது. அது அவருடைய கைப்பேசிக்கு மட்டும் போகும். கல்லூரியில் இருந்த நகலை அழித்துவிடுவது. அவர் இசைந்தாலன்றி வேறு எவருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்து, அவர் கண்ணெதிரே நகலை அழித்தார்கள். அதன் பின்னரே கிழட்டுப் பெட்டையும் சிவப்பியும் மறுபடி பட்டை அணிந்தன.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

முதலாவது, இத்தகைய கருவி ஊருக்குள் வருமுன்பே கிராம சபையில் ஒரு முடிவு எடுங்கள். பதிவு ஆட்டுக்காரருடையது என்றும், அதை மட்டும் கொண்டு எவருக்கும் கட்டணமோ தண்டமோ விதிப்பதில்லை என்றும் முடிவு இருக்கட்டும். அவ்வுறுதி இல்லாவிட்டால் ஏழை ஆட்டுக்காரர் கருவியைத் தொடமாட்டார். தொடாதது அவர் குற்றமும் ஆகாது.

இரண்டாவது, கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத ஊர்கள் உண்டு. அங்கே 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, உரிமம் தேவையில்லாத அலைவரிசையில் சில கிலோமீட்டர் தூரம் செய்தி அனுப்பலாம். அதை வாங்கும் ஏரியல் உயரமான இடத்தில் இருக்க வேண்டும். பஞ்சாயத்தின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைவிட அதற்கு உகந்த இடம் இல்லை.

மூன்றாவது, பட்டைகளைத் தனித்தனியே வாங்காமல் ஆடு வளர்ப்போர் சங்கமாகச் சேர்ந்து வாங்கி, மின்கலம் மாற்றவும் பழுது பார்க்கவும் ஊர் இளைஞர் ஒருவரைப் பழக்குங்கள். பழுது பார்க்க ஆள் இல்லாத கருவி ஒரு பருவத்திலேயே பரண் ஏறிவிடும்.

நான்காவது எல்லாவற்றிலும் முக்கியமானது. மேய்க்கால் புறம்போக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை ஊரார் கூடி நடந்து பார்த்துக் குறித்துவையுங்கள். ஆடு எங்கே போயிற்று என்று கருவி சொல்லும். போவதற்கு இடம் இல்லாமற் போனால், அந்தக் குறையை எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அருகிலுள்ள பொறியியற் கல்லூரிகளில் ஆண்டுதோறும் மாணவர்கள் தங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு விஷயம் தேடுகிறார்கள். அவர்களை அழைத்து, மந்தையோடு ஒரு நாள் நடக்கவிடுங்கள். எங்கள் மாணவர்கள் அதை முதல் நாளே செய்திருந்தால் பாதித் தவறுகள் நேர்ந்திரா. அவர்கள் செய்த பட்டை இன்னும் குறையுள்ளதே. ஆனால் ஆட்டின் கழுத்தில் எதைக் கட்டினாலும் அதன் பயன் முதலில் ஆட்டுக்காரரைச் சேர வேண்டும் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.